பேசாமலே நடத்தும் பாடம்

நிறவெறி, இனவெறி பற்றிக் குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எந்த வயதில் ஆரம்பிப்பது, எந்தச் சொல்லைச் சொல்வது, பிள்ளை பயந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கு ஆயிரம் கவலை. நீலகிரி மலையில் எங்கள் ஊரான கோத்தகிரியில் அந்தக் கவலை எந்த வீட்டிலும் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வெகுகாலம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றாம் வகுப்பில் வந்து சேரும்போது அ, ஆ தெரியாத பிள்ளைகள் நிறைய. யார் பக்கத்தில் உட்காரலாம், யார் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று தெரியாத பிள்ளைகள் குறைவு. அதற்கென்று அரசாங்கம் புத்தகம் எதுவும் அச்சடிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் அதற்கொரு பாடவேளையும் கிடையாது. எல்லாம் வீட்டிலேயே நடந்து முடிந்த வேலை. இவ்வளவு சீக்கிரமாக, இவ்வளவு அழுத்தமாக வேறெந்தப் பாடத்தையும் குடும்பங்கள் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தத் திறமைக்கு உரிய மரியாதையை யாராவது செய்தாக வேண்டும்.

முதல் மரியாதை வீட்டுப் பெரியவர்களுக்கு. மற்றவர்கள் குழந்தை பிறந்து, வளர்ந்து, கேள்வி கேட்கும்போது யோசிப்பதை நீங்கள் ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறீர்கள். மருமகள் மசக்கையில் துவண்டு கிடந்தாலும் ராத்திரிப் பாலில் குங்குமப்பூ தவறுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துபோய் நாலு நாள் ஆகியிருக்கும். குங்குமப்பூ டப்பா தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பிள்ளை பிறந்ததும் சுற்றியிருக்கும் துணியை விலக்கி, காது மடலின் ஓரத்தை மெல்லத் திருப்பிப் பார்ப்பீர்கள். பிறந்த அன்றைக்குச் சிவந்திருந்தாலும் கடைசியில் நிலைக்கப்போகிற நிறம் அங்கேதான் தெரியும் என்பது உங்கள் கணக்கு. "காதோரம் கறுத்திருக்கு. பையன்தானே, பரவாயில்ல" என்று ஒருவர் ஆறுதல் சொல்வார். பெண்ணாக இருந்தால் அந்த ஆறுதலும் கிடையாது. எடை எவ்வளவு, பால் குடித்ததா என்ற விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான். கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்காரி, தையல் வலியோடு, தன் குழந்தையின் காது மடலைப் பற்றி நாலு பேர் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளும் ஒரு காலத்தில் இதே தீர்ப்பைக் கேட்ட குழந்தைதான்.

அப்புறம் பயத்தம்மாவு, கடலைமாவு, பாலாடை. வயதுக்கு வந்ததும் க்ரீம். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2020இல் உலகமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியபோது அந்த நிறுவனமே கூசிப்போய் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கடையில் போய்ப் பழைய பெயரையே சொல்லிக் கேட்டு வாங்கும் உறுதி நம் வீடுகளுக்குத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பாடம் பிள்ளை மனதை என்ன செய்யும் என்று பார்க்க, கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் 1940களில் ஒரு சோதனை செய்தார்கள். நிறம் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையிலான குழந்தைகள். பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். உன்னைப் போல இருப்பது எது என்ற கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதன, சில அறையை விட்டு ஓடின. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த ஆய்வையும் மேற்கோள் காட்டியது. அந்தக் குழந்தைகளின் மனதை அப்படி ஆக்குவதற்குத் தனிப் பள்ளி, தனிப் பேருந்து இருக்கை, தனித் தண்ணீர்க் குழாய் என்று மாநிலச் சட்டங்களே வேலை செய்யவேண்டியிருந்தது. நம் பிள்ளைகளின் மனதை அப்படி ஆக்கப் பெயர் சூட்டும் நாளில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ரெண்டு அத்தைகள் போதும்.

அடுத்த மரியாதை அம்மாக்களுக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் ஒரு நாள் பார்த்தேன். குஞ்சப்பனை நிறுத்தத்தில் ஒரு இருளர் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த நாலு வயதுப் பையன் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பஸ்ஸே கேட்கும்படி, "அம்மா, இந்தப் பாப்பா ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு?" என்றான். அவன் குரலில் ஒரு துளி இளக்காரம் இல்லை. காட்டெருமையைப் பார்த்தாலும், மூடுபனியைப் பார்த்தாலும் அதே குரலில்தான் கேட்டிருப்பான். அம்மாவின் கை அவன் தொடைக்குப் போனது. நறுக்கென்று ஒரு கிள்ளு. "உஷ்! வாயை மூடு." அவன் வாயை மூடினான். அந்தக் குழந்தையின் தாய் வெளியே பார்க்கத் தொடங்கினாள். அரவேணு வரைக்கும் அந்த இருக்கைகளில் ஒரு பேச்சு இல்லை.

அந்தக் கிள்ளில் எத்தனை பாடம் அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பு என்பது வாயால் சொல்லக் கூடாத ஏதோ ஒன்று. அந்தப் பாப்பாவிடம் ஏதோ குறை இருக்கிறது. அதைப் பார்த்தது என் தப்பு. இனிமேல் இதையெல்லாம் அம்மாவிடம் கேட்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்கு நாலையும் ஒரு நொடியில் புரியவைக்க எந்தப் பேராசிரியரால் முடியும்? அந்தத் தாய் நல்லவள்தான். எதிரே இருப்பவளின் மனம் நோகக் கூடாது என்று நினைத்தே கிள்ளினாள். அந்த நல்ல மனதோடு ஒரு நிமிடம் வாயைத் திறந்திருந்தால் எல்லாமே கெட்டுப்போயிருக்கும். "எல்லார் தோலுக்குள்ளயும் மெலனின்னு ஒண்ணு இருக்கு கண்ணு. வெயில் நம்மைச் சுடாம அது குடை பிடிக்கும். பாப்பாவுக்கு நிறைய இருக்கு, உனக்குக் கொஞ்சம் குறைச்சலா இருக்கு. உனக்கு அப்பா சாயல் வந்த மாதிரி, பாப்பாவுக்கு அவங்க அம்மா சாயல். அழகா இருக்கால்ல? பேர் என்னன்னு அத்தைகிட்ட கேளு" என்று சொல்லியிருந்தால், அந்தப் பையன் பேர் கேட்டிருப்பான். கைக்குழந்தை அவன் விரலைப் பிடித்திருக்கும். அரவேணு வரும்போது ரெண்டு தாய்மாரும் தடுப்பூசி பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி எதுவும் நடக்காமல் ஒரு கிள்ளில் தடுத்துவிட்டது சாதாரண சாமர்த்தியம் இல்லை.

'சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்' என்று சொல்லும் அப்பாக்களுக்கும் என் வணக்கம். பிறந்த குழந்தைக்கு எந்த இனத்து முகமும் ஒன்றுதான். மூன்று மாதத்தில் அது தன்னைச் சுற்றி அதிகம் பார்க்கும் முகங்களைப் போன்ற முகங்களையே கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்குகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வித்தியாசம் பிள்ளையின் கண்ணில் தானாகப் படுகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் வீடு சொல்லித்தருகிறது. நீங்கள் அந்த அர்த்தத்தை டம்ளரில் எழுதிவைத்திருக்கிறீர்கள். தேயிலை பறிக்க வரும் பாட்டிக்குக் காபி கொடுக்க, பின்வாசல் ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். அடியில் நசுங்கியது, விளிம்பில் கீறல் விழுந்தது. பிள்ளையிடம் காபியைக் கொடுத்தனுப்பும்போது, "அந்த டம்ளர்ல ஊத்து, உள்ள எடுத்துட்டு வந்துடாதே" என்ற ஒரு வரி மட்டும்தான். ஏன் என்று நீங்கள் சொன்னதில்லை. பிள்ளையும் கேட்டதில்லை. அன்றைக்கு மாலையே அந்தப் பிள்ளை என் வகுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிடும். யாருடைய பாட்டில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்படி ஆளைத் தரம் பிரிக்கும் விஷயத்தில் வெள்ளைக்காரனையே மிஞ்சியவர்கள் நாம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தோடர்களையும் கோத்தர்களையும் அளந்து 1896இலேயே ஒரு நூல் வெளியிட்டார். 1909இல் ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். தலையின் நீளம், மூக்கின் அகலம், நிற்கும் உயரம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து, எண்ணாக எழுதி, இன்ன இனம் என்று தரம் பிரித்தவர் அவர். அந்தக் கருவிகளைக் கண்டு மக்கள் பட்ட பாட்டை அவரே எழுதியிருக்கிறார். நீலகிரியில் ஒரு இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து அதன் அடியில் நிற்க மறுத்துவிட்டார். வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார்கள் என்று பயந்து ஓடினார்கள். கம்பம், இடுக்கி, நோட்டுப் புத்தகம் என்று இத்தனையையும் தூக்கிக்கொண்டு அவர் மலை ஏறவேண்டியிருந்தது. அந்த அளவீட்டு அறிவியல் பொய் என்று தெரிந்து உலகம் அதை என்றோ குப்பையில் போட்டுவிட்டது. நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை எந்தக் கருவியும் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, மூக்கையும் முடியையும் பார்த்து, "அது காட்டுக்காரங்க, அது காலனிக்காரங்க, அது இந்திக்காரங்க" என்று பிரித்துச் சொல்லும். தர்ஸ்டன் பார்த்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

தர்ஸ்டன் நூலில் குறும்பர்களைப் பற்றிய பகுதியில் வேறொரு கணக்கும் இருக்கிறது. மந்திரம் வைத்தார்கள், நோயை ஏவினார்கள் என்று பழி சுமத்தி, 1835இல் மட்டும் 48 குறும்பர்களைக் கொன்றார்கள். 1875இலும் 1882இலும் அதைவிட அதிகம் பேர். 1900இல், மருந்து தெரிந்தவர் என்று பெயர் எடுத்திருந்த ஒரு குறும்பரை, ஒரு கிராமத்துக்கு நோயும் சாவும் கொண்டுவந்தவர் என்று சொல்லிக் குடும்பத்தோடு கொன்றுபோட்டார்கள். சுற்றுவட்டாரமே கொன்றவர்கள் பக்கம் நின்றதால் துப்புத் துலக்குவதே கடினமானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இது நம் மலையில் நடந்த வரலாறு. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் 1893இல் காந்தியை இறக்கிவிட்டதை நம் பிள்ளைகள் தேதியோடு சொல்வார்கள். ஜூன் 7 என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்குவார்கள். சோறு உண்ணாத பிள்ளையிடம் "குறும்பன் வந்து மந்திரம் வச்சிருவான்" என்று சொன்ன பாட்டி இந்த மலையிலேயே இருந்தாள் என்பதையும், அந்தப் பூச்சாண்டிக் கதைக்கு அடியில் பிணங்கள் கிடக்கின்றன என்பதையும் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கொடுமை என்றால் கடலுக்கு அப்பால் வெள்ளைக்காரன் செய்வது என்று பிள்ளைகளை நம்பவைத்திருக்கிறீர்கள். எவ்வளவு நிம்மதியான நம்பிக்கை.

பூச்சாண்டியின் பெயர் இப்போது மாறியிருக்கிறது. எஸ்டேட்டுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கி வருடங்கள் ஆகிவிட்டன. நம் பிள்ளைகள் படித்து சமவெளிக்கு வேலைக்குப் போன பிறகு, இலை பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மூட்டை தூக்கவும் வந்தவர்கள் அவர்கள். அவர்களில் சந்தாலி பேசுபவர் உண்டு, சாத்ரி பேசுபவர் உண்டு, ஒடியா பேசுபவர் உண்டு. இத்தனை மொழியையும் இத்தனை ஊரையும் மனதில் வைத்துக்கொள்ளும் சுமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், 'இந்திக்காரன்' என்ற ஒரே பெயரில் அத்தனை பேரையும் அடக்கிக் கொடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் கோபம் வந்தால் 'வடக்கன்'. தாராவியில் வாழ்ந்த தமிழனையும் மலையாளியையும் கன்னடரையும் 'மதராசி' என்று ஒரே பெயரில் அடக்கி, லுங்கியை அவிழ்த்து விரட்டுவோம் என்று 1960களில் பம்பாய்த் தெருக்களில் கோஷம் போட்டார்கள். அதைக் கேட்டு அன்று நம் ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தம்தான் இன்று அந்தச் சூத்திரத்தை ஊர் பெயர் மாற்றிப் பயன்படுத்துகிறது. கற்றதை வீணாக்காத சமூகம்.

'வடக்கன்' என்ற இந்தப் பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் நாம் பார்த்ததுதான். 2018ஆம் வருடம் மே மாதம், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் குரல் பதிவுகள் பறந்தன. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. காரில் இருந்த வயதான அம்மா ஒருவர் அங்கே விளையாடிய குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அவர் வடநாட்டவரும் இல்லை. பயம் நன்றாக ஊறிவிட்டால் ஆள் யார் என்று பார்க்கத் தேவையில்லை என்பதற்கு அது சாட்சி. அதே குரல் பதிவு நம் ஊர்க் குழுக்களிலும் வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே அதைச் சத்தமாக ஓடவிட்டுக் கேட்ட வீடுகள் எனக்குத் தெரியும். 'வெளியே போகாதே, இந்திக்காரன் பிடிச்சுட்டுப் போயிருவான்' என்று அன்றைக்கு அடங்கிய பிள்ளைகள், இன்று தங்கள் வகுப்பில் வந்து சேரும் ஜார்க்கண்ட் பெண்ணைக் கண்டால் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருகிறார்கள். அவள் ஆறு மாதத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். அவள் பெயரைச் சரியாகச் சொல்ல அவர்களுக்கு இன்னும் வரவில்லை. பெயரைக் கேட்டால்தானே வரும்.

இனி வரும் பாராட்டை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. அது, பட்ட அடியையே பிள்ளைகளிடமிருந்து மறைத்த குடும்பங்களுக்கு. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948லேயே, அங்கே மலையில் நாலு தலைமுறை தேயிலை பறித்த தமிழர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் வாழ்க்கையைக் கூறு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டைத் திருத்தி, செடி நட்டு, இந்த மலையின் பச்சையில் ஒரு பங்கை உண்டாக்கிய கைகள் அவை. அங்கே 'கள்ளத்தோணி' என்று வாங்கிய ஏச்சு, இங்கே 'சிலோன்காரன்', 'அகதி' என்று மாறியது. அவ்வளவுதான்.

அந்த வீடுகளில் ஒரு தாய் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது தலை வாரிக்கொண்டே சொல்வாள்: "டீச்சர் சொந்த ஊர் எதுன்னு கேட்டா திருச்சின்னு சொல்லு. சிலோன்னு சொல்லிடாதே." மகளும் திருச்சி என்றே சொல்வாள். திருச்சியை அவள் பார்த்ததில்லை. கண்டியில் பிறந்த தாத்தாவுக்கு நுவரெலியா மலையின் ஒவ்வொரு வளைவும் நினைவிருக்கும், பேத்தியிடம் சொல்லமாட்டார். அவமானத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்தக் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தை நினைத்தால் என் கண் நிறைகிறது. எவ்வளவு வெற்றிகரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்! அந்தப் பேத்திக்குத் தன் தாத்தா எவ்வளவு பெரிய அநியாயத்தைத் தாண்டி வந்தவர் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் தலை நிமிர்ந்திருப்பாள். ஜார்க்கண்டிலிருந்து வந்து பக்கத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் பெண்ணிடம் தன் தாத்தா பாட்டி முகத்தைக் கண்டிருப்பாள். 'இந்திக்காரி' என்று முதலில் கூப்பிட்டது அவளாக இருந்திருக்கமாட்டாள். ஆனால் முதலில் கூப்பிட்டது அவள்தான்.

குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் சினிமாவைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாராட்டு நிறைவாகாது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் முகத்தில் கறுப்பு அப்பிக்கொண்டு ரெண்டு பெண்கள் வருவார்கள். அவர்கள் வந்து நின்றாலே சிரிப்பு. அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்களின் பெயர். தகப்பனையும் நாட்டையும் இழந்த துயரத்தைப் பாடிய பெண்கள் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கண் கலங்க நடத்துவேன். வகுப்பில் பெயரைச் சொன்னதும் பின் பெஞ்சில் சிரிப்பு எழும். அதே வகுப்பில் கறுத்த பெண் யாரோ, அவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாயிரம் வருடத் தமிழை ஒரு சாயங்காலத்தில் துடைத்தெடுத்து, அந்த இடத்தில் வேறொன்றைப் பதியவைக்க முடிந்திருக்கிறது. அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், நடுவில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்ற பிள்ளை ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தது. அந்த இடத்தில் "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று ஒரே ஒரு அப்பா கேட்டிருந்தால் அந்த வரிசையே திரும்பிப் பார்த்திருக்கும். பிள்ளைக்கு அது ஆயுசுக்கும் நினைவிருந்திருக்கும்.

பள்ளிக்கூடங்களையும் விட்டுவிட முடியாது. எல்லா ஆண்டுவிழாவிலும் ஒரு 'பழங்குடி நடனம்' உண்டு. இடுப்பில் பச்சைக் காகிதம் கத்தரித்த இலை, தலையில் கோழி இறகு, முகத்திலும் கையிலும் கரி, கையில் ஒரு ஈட்டி, வாயில் 'ஊலலா'. கோத்தர்களின் பெயரைத் தாங்கிய ஊரில், தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில், நடந்துபோனால் நிஜமான பழங்குடி மக்களைச் சந்திக்கக்கூடிய தூரத்தில் இந்த நடனம் நடக்கிறது. கோத்தர்கள் இரும்பு அடித்தவர்கள், பானை வனைந்தவர்கள், இந்த மலை முழுக்க இசை வாசித்தவர்கள். இன்று அவர்களில் வங்கியில் வேலை பார்ப்பவர் இருக்கிறார், அரசு ஊழியர் இருக்கிறார். அவர்களைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு நம் கற்பனை வளமாக இருக்கிறது. கரி பூசிய பிள்ளைகள் மேடையில் குதிக்க, முன்வரிசையில் பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். கறுப்புக்கு எதிராக வீட்டில் அத்தனை மாவு தேய்த்த கைகள், மேடைக்காக ஒரு நாள் கரி பூசுகின்றன.

ஒரு வருடம், ஒரு பள்ளியில், அந்த நடனத்துக்குத் தேர்வான பிள்ளைகளின் வீடுகளுக்குச் சீட்டு போனது. பச்சைக் காகிதம் இத்தனை, இறகு இத்தனை, முகத்துக்குக் கறுப்புச் சாயம் ஒரு டப்பா. பெயர்ப்பட்டியல் பார்த்து அனுப்பியதில் கோத்தர் வீட்டுக்கும் ஒரு சீட்டு போய்விட்டது. அந்தப் பெண் இரண்டாம் வகுப்பு. மறுநாள் சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் அவள் அம்மா, ஒரு எழுத்தும் அடித்தல் திருத்தல் இல்லாமல், நீலப் பேனாவில் எழுதியிருந்தாள்:

'ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இலை உடுத்துவதில்லை. சாமி திருவிழாவில் ஆட நாங்கள் வெள்ளைத் துணி உடுத்துவோம். பாப்பாவுக்கும் ஒன்று இருக்கிறது. அதை உடுத்தி அனுப்பலாமா? குழலும் கொம்பும் வாசிக்க அவளுடைய மாமா வருவதாகச் சொல்கிறார். ஆட்டத்தை மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லித்தர நான் மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வர முடியும். பதில் சொல்லவும்.'